இனப்படுகொலையைச் சொல்லும் படைப்புகள்: எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது?

வைகறை27 (கேள்வி)

வணக்கம். நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆறு வாரத் தொடர் அமர்வு நடத்தத் திட்டம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். இருபது பேர் வரை வருவார்கள், எல்லோரும் பதினெட்டு வயது தாண்டியவர்கள். இனப்படுகொலையில் மனிதர் பட்ட பாட்டை இலக்கியம், ஓவியம், படக்கதை, சினிமா எப்படிச் சொல்லியிருக்கின்றன என்பதுதான் பொருள். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறோம்.

ஒன்று: முதல் நாளே பிணக்குவியல் படங்களைத் திரையில் போட்டுவிட வேண்டும், அந்த அதிர்ச்சி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இலக்கியப் பேச்சாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு: கொலையைக் காட்டாமல் விடும் படைப்புகள் தப்பித்துக்கொள்கின்றன என்ற கருத்து வலுவாக இருக்கிறது. மூன்று: ஜெர்மன் மொழியில் எழுதிய யூதக் கவிஞர் பால் செலானின் ‘மரண ஃபியூக்’ கவிதையைத் தமிழில் வாசிக்க விரும்புகிறோம் (ஃபியூக் என்பது ஒரு மேற்கத்திய இசை வடிவம்). மூல ஜெர்மனும் ஆங்கிலப் பெயர்ப்புகளும் கைவசம் உண்டு. தமிழாக்கும்போது எங்கே சறுக்கும்?

எந்தப் படைப்பு, அதில் எந்த இடம், ஏன் என்று குறிப்பாகச் சொன்னால் உதவும்.

புழுதிக்காடு

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பிணக்குவியலோடு தொடங்காதீர்கள். பார்ப்பவர் மனம் தாங்காது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் படங்கள் தப்பான வரலாற்றைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

புல்டோசர் உடல்களைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி எல்லோருக்கும் தெரியும். அது 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமைப் பிடித்த பிரிட்டிஷ் ராணுவம் எடுத்தது. அங்கே நச்சுவாயு அறைகள் கிடையாது. போரின் கடைசி மாதங்களில் பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் இறந்தவர்கள் அவர்கள். போலந்தில் நாஜிகள் நடத்திய ட்ரெப்ளிங்கா முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலையிலிருந்து சுமார் ஓராண்டுக்குள் அங்கே 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு நாஜிகளே முகாமைப் பிரித்து, நிலத்தை உழுது, செடி விதைத்து, ஒரு பண்ணை வீட்டையும் கட்டிவிட்டுப் போனார்கள். அங்கே நடந்த கொலையைக் காட்டும் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆக, குவியலைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர் ‘முகாம் என்றால் பட்டினி போட்டுச் சாகடிக்கும் இடம்’ என்று முடிவு கட்டிக்கொள்வார். காலையில் ரயிலில் இறங்கி மாலைக்குள் சாம்பலானவர்கள் அவர் நினைவில் இடம்பெறவே மாட்டார்கள்.

அடுத்து, படத்தை எடுத்தவர் யார் என்ற கேள்வி. கையைத் தூக்கியபடி நிற்கும் வார்சா சிறுவனின் படம் 1943-ல் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தளபதி தன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இருந்தது. ஆஷ்விட்ஸ் ரயில்மேடையில் ஹங்கேரி யூதர்களைத் தரம்பிரிக்கும் படங்கள் 1944-ல் எஸ்.எஸ். ஆட்களே எடுத்தவை. இவற்றைப் பார்க்கும்போது நாம் கொலைகாரன் நின்ற இடத்தில் நின்று பார்க்கிறோம். அதைச் சொல்லாமல் திரையில் போடவே கூடாது.

முதல் நாளுக்கு என் பரிந்துரை நான்கே நான்கு படங்கள். 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்க்கெனாவில் ஐந்தாம் எரியூட்டுக் கூடத்தின் அருகே, உடல்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட சோண்டர்கமாண்டோ கைதிகள் திருட்டுத்தனமாக எடுத்தவை. கிரேக்க யூதர் ஒருவர் கேமராவைப் பிடித்தார், மற்றவர்கள் காவல் நின்றார்கள். ஃபிலிம் ஒரு பற்பசைக் குழாய்க்குள் கிராக்கோவ் நகரில் இருந்த எதிர்ப்பு இயக்கத்தினரிடம் போய்ச் சேர்ந்தது. கூடவே 4 செப்டம்பர் 1944 தேதியிட்ட துண்டுக் கடிதம்: இன்னும் இரண்டு ஃபிலிம் சுருள் அனுப்புங்கள் என்று.

இரண்டு படங்கள் வாயுக் கூடத்தின் வாசலுக்கு உள்ளே, இருட்டில் நின்று எடுத்தவை. படத்தின் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும். நடுவே கதவின் அளவு வெளிச்சம், அதில் புகை, குழியருகே ஆட்கள். மூன்றாவதில் மரங்களுக்கடியில், ஒரு மூலையில் சிறிதாக, ஆடை களைந்த பெண்கள். இடுப்பருகே மறைத்து வைத்து எடுத்ததால் சட்டகம் சாய்ந்திருக்கிறது. நான்காவதில் மரக்கிளையும் வானமும் மட்டும்.

இவை புத்தகங்களில் வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கறுப்பு ஓரத்தை வெட்டிவிட்டுக் குழியைப் பெரிதாக்கினார்கள். சாய்வை நேராக்கினார்கள். சில வெளியீடுகளில் அந்தப் பெண்களின் முகத்தையும் உடலையும் தெளிவாகத் தெரிவதற்காகத் திருத்தி வரைந்தார்கள். நான்காவது படத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று பலர் போடவே இல்லை. வெட்டியெறிந்த அந்தக் கறுப்புதான் எடுத்தவர் எங்கே ஒளிந்திருந்தார் என்பதற்குச் சாட்சி. மரக்கிளையின் சாய்வுதான் அவருக்குக் குறிபார்க்க நேரமில்லை என்பதற்குச் சாட்சி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜார்ஜ் திதி-யூபர்மான் 2001-ல் பாரிஸ் கண்காட்சிக்காக இதை எழுதியபோது, எந்தப் படமுமே அந்தக் கொலையைச் சொல்ல முடியாது என்று வாதிட்டவர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அந்தச் சண்டையின் இரு பக்கத்தையும் வட்டத்தில் வைக்கலாம்.

செய்முறை: வெட்டிய பிரதியையும் வெட்டாத பிரதியையும் தபால் அட்டை அளவில் அச்சிட்டு, இருவருக்கு ஒரு தாள் என்று கையில் கொடுங்கள். சுவரளவுக்குத் திரையில் பெரிதாக்க வேண்டாம். பத்து நிமிடம் யாரும் பேசாமல், எடுத்தவர் எங்கே நின்றார், என்ன தெரியவில்லை, யார் வெட்டினார்கள் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ‘பார்த்ததும் எப்படி இருந்தது’ என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் பேச்சு முழுக்க நம்மைப் பற்றியதாகிவிடும்.

செங்காந்தள்

‘காட்டாமல் விடுவது தப்பித்தல்’ என்பவரை ஒரேயடியாக மறுக்காதீர்கள். தப்பித்துக்கொள்ளும் படைப்புகளும் உண்டு. காட்டாமல் விட்ட இடத்தில் படைப்பாளி வேறு என்ன உழைப்பைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் மூடுபனியும் வயலினும் இருந்தால் உங்கள் நண்பர் சொல்வது சரி.

உழைப்பு இருக்கும் இடத்துக்கு மூன்று உதாரணம்.

ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தந்தையின் ஆஷ்விட்ஸ் நினைவுகளைக் கேட்டு வரைந்த ‘மவுஸ்’ படக்கதையின் இரண்டாம் பாகம் (1991). ஆஷ்விட்ஸ் வாசலில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகிறார்கள், பக்கத்தில் கைதிகளின் இசைக்குழு வாசிக்கிறது. இசைக்குழு இருந்ததற்கு ஆவணம் உண்டே என்று மகன் கேட்கிறார். அப்படி எதுவும் நினைவில்லை, நடந்து போனது மட்டும்தான் தெரியும் என்கிறார் தந்தை. அடுத்த கட்டத்தில் நடப்பவர்களின் வரிசை இசைக்குழுவை மறைத்துவிடுகிறது. ஆனால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆவணத்தையும் அழிக்கவில்லை, தந்தையின் நினைவையும் திருத்தவில்லை. அந்த இரண்டு கட்டங்களை மட்டும் வைத்து அரை மணி நேரம் பேசலாம்.

இரண்டாவது, ஆர்மீனிய-அமெரிக்க ஓவியர் அர்ஷீல் கோர்க்கியின் ‘ஓவியனும் அவன் தாயும்’. ஆர்மீனியப் படுகொலையிலிருந்து தப்பிய பிறகு 1919-ல் எரெவானில் அவர் தாய் பட்டினியால் இறந்தார். 1912-ல் வான் நகரில் எடுத்த, அமெரிக்காவில் இருந்த தந்தைக்கு அனுப்பிய, ஒரு ஸ்டூடியோ புகைப்படம் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து 1926 வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் இரண்டு பெரிய ஓவியங்களாக வரைந்துகொண்டே இருந்தார். ஒன்று நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில், இன்னொன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில். புகைப்படத்தில் தாயின் மேலாடையில் பூவேலை இருக்கும், ஓவியத்தில் அது வெறும் வெளி. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மையாகத் தேய்த்து அழித்த திட்டுகள்தான். புகைப்படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். பூ, விரல், நகம். ஒரு பிணம்கூட இல்லாத ஓவியம், இருந்தாலும் பசியைப் பற்றி இதைவிட நேராகச் சொல்லும் ஓவியத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஒரு சோண்டர்கமாண்டோ கைதியைப் பின்தொடரும் ‘சவுலின் மகன்’ (2015) திரைப்படம். கேமரா எப்போதும் நாயகனின் முகத்தையோ பிடரியையோ ஒட்டியே போகிறது. 40 எம்.எம். லென்ஸ், ஏறக்குறையச் சதுரமான சட்டகம். பின்னால் நடப்பது மங்கலாகத்தான் தெரியும், ஆனால் காதில் எல்லாம் விழும். அவன் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்ட ஒன்றை நம்மையும் அப்படியே பார்க்காமல் இருக்க வைக்கிறது.

எதிர் உதாரணம், ‘கப்போ’ (1960) என்ற முகாம் பற்றிய திரைப்படம். ஒரு பெண் மின்வேலியில் பாய்ந்து சாகிறாள். அந்தக் கணம் கேமரா முன்னே நகர்ந்து, தாழ்ந்த கோணத்திலிருந்து அவள் கை சட்டகத்தின் மூலையில் அழகாக அமையும்படி நிற்கிறது. சில வினாடிதான். 1961-ல் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெத் அந்த நகர்வு ஒன்றுக்காகவே இயக்குநரை மன்னிக்க முடியாது என்கிற தொனியில் கட்டுரை எழுதினார். சினிமா விமர்சனத்தில் இன்றைக்கும் அந்தச் சில வினாடியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மரணத்தை நன்றாக ‘ஃபிரேம்’ பண்ணவேண்டும் என்று தோன்றிய மனம்தான் பிரச்சினை.

நம் மரபில் இதற்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது, அதையும் சேருங்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையையும் இளிவரலையும் (இழிவுணர்வு, அருவருப்பு) தனித்தனி மெய்ப்பாடாக, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வாக, வைக்கிறது. அழுகை பிறக்கும் இடம் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவரல் பிறக்கும் இடம் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிணக்குவியல் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கிளப்பும்; முகம் சுளிக்க வைக்கும். பார்ப்பவர் அதை அழுகை என்று தப்பாக எடுத்துக்கொள்வார். அழுகைக்கு ‘இழவு’ வேண்டும். யார், எதை இழந்தார் என்று தெரிய வேண்டும். பாரி மகளிர் பறம்பின் போர்க்களத்தைச் சொல்லவில்லை. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது; இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

நெடுவரை

மேலே உள்ள இருவரும் ஐரோப்பாவிலேயே நிற்கிறார்கள் (கோர்க்கி தவிர). ஒரு முழு வாரத்தைக் கம்போடியாவுக்கு ஒதுக்குங்கள். ‘கேமரா யார் கையில்’ என்ற கேள்வி அங்கே இன்னும் கூர்மையாக நிற்கிறது.

1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. சுமார் 17 லட்சம் பேர், சில கணக்குகளில் அதற்கும் மேல், செத்தார்கள். புனோம் பென்னில் ஒரு உயர்நிலைப் பள்ளியை எஸ்-21 என்ற சிறையாக்கினார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள், திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண் குத்தி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான நெகட்டிவ் மிஞ்சியது.

இந்தப் படங்களுக்குப் பிறகு நேர்ந்ததுதான் உங்கள் அமர்வுக்கான பாடம். 1997-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றில் 22 படங்களைத் தேர்ந்தெடுத்து மாட்டியது. நல்ல அச்சு, நல்ல வெளிச்சம், பெரும்பாலும் பெயரில்லாத முகங்கள். கொலைக்கு முன் எடுத்த பதிவேட்டுப் படம் சுவரில் ஏறியதும் ‘உருவப்பட’க் கலையாகிவிட்டது. 2021-ல் இன்னும் மோசம். ஒரு வெளிநாட்டுக் கலைஞர் சில படங்களுக்கு நிறமூட்டியதோடு சில முகங்களில் புன்னகையையும் சேர்த்தார், ஒரு இணைய இதழ் அதை வெளியிட்டது. கம்போடிய அரசும் உறவினர்களும் எதிர்த்த பிறகு எடுத்தார்கள். நிறமூட்டினால் இன்றைய ஆட்களுக்கு நெருக்கமாகும் என்பதுதான் வழக்கமான நியாயம். எண் தொங்கும் ஒரு மனிதரின் வாயை அவர் அனுமதி இல்லாமல் அசைப்பது எந்த நெருக்கமும் இல்லை. அந்த அறையில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தப் பொருள் அந்த முகபாவம்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வான் நாத். அந்த ஆட்சியின் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரையத் தெரிந்திருந்ததால் மட்டும் உயிரோடு விடப்பட்ட ஓவியர். 1979-க்குப் பிறகு அதே கட்டடம் அருங்காட்சியகமானபோது திரும்பி வந்து, உள்ளே நடந்ததை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். கண்ணால் கண்டதும் உண்டு, பக்கத்து அறையின் அலறலிலிருந்தும் மற்றவர் சொல்லக் கேட்டும் வரைந்ததும் உண்டு. சினிமா விளம்பரப் பலகை வரைந்த கை அது. கோடு நேராக, நிறம் அப்பட்டமாக இருக்கும். ‘கலைத்தரம்’ பற்றி யாராவது இழுத்தால் கம்போடிய இயக்குநர் ரித்தி பான் எடுத்த 2003 ஆவணப்படத்தைக் காட்டுங்கள். அதில் வான் நாத் தன் ஓவியத்தின் முன் பழைய காவலர்களை நிறுத்தி, நான் வரைந்ததில் மிகை ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு விவரமாகக் கேட்கிறார். அவர்களால் மறுக்க முடியவில்லை. ஓவியம் அங்கே குறுக்கு விசாரணைக் கருவி.

அதே படத்தில் இன்னொரு இடம், இதைத் தவறவிடக் கூடாது. முன்னாள் காவலர் ஒருவர் காலியான கூடத்தில் தன் பழைய வேலையை நடித்துக் காட்டுகிறார். கதவைத் திறக்கிறார், அதட்டுகிறார், தண்ணீர் கொடுக்கிறார், பூட்டுகிறார். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் உள்ளே போகும்போது கேமரா வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே தரையில் வரிசையாகக் கைதிகள் கிடந்தார்கள். பின்னாலேயே போனால் அவர்களை மிதித்துக்கொண்டு போவதாகும் என்பது ரித்தி பானின் விளக்கம். காலி அறைதான், இருந்தும் போகவில்லை. ‘எங்கே நிறுத்துவது’ என்று தலைப்பில் கேட்டீர்களே, இந்த வாசல்படிதான்.

அவருடைய ‘விடுபட்ட படம்’ (2013) முழுவதையும் ஓட்டலாம், ஒன்றரை மணி நேரம். தன் குடும்பம் அழிந்ததைக் காட்டும் படம் எதுவும் இல்லாததால் களிமண்ணில் சின்னச் சின்னப் பொம்மைகளைச் செதுக்கி, காயவைத்து, வண்ணம் பூசிக் காட்சிகளை அமைத்தார். பொம்மைகள் அசையாது. கேமராதான் நகரும். அந்த ஆட்சி எடுத்த பிரச்சாரப் படச்சுருளுக்குள்ளும் இந்தப் பொம்மைகளை நிறுத்துகிறார். அதில் ஓடியாடி வேலைசெய்பவர்கள் அசைகிறார்கள், உண்மை அசையாமல் நிற்கிறது.

(எஸ்-21 கட்டடத்தில் அமைந்த துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்தில் முன்பு சுமார் 300 மண்டையோடுகளால் செய்த கம்போடிய வரைபடம் ஒன்று இருந்தது, 2002-ல் பிரித்துவிட்டார்கள். பழைய பயண நூல்களில் அதன் படம் வரும். சுவரொட்டிக்கு எடுத்துவிடாதீர்கள்.)

எழுத்தாணி

செலான் கவிதைக்கு வருகிறேன். 1920-ல், அன்றைய ருமேனியாவில் இருந்த செர்னோவிட்சில் பிறந்தவர். 1942-ல் பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இருவரும் முகாமில் இறந்தார்கள். கவிதை முதலில் அச்சானது 1947-ல், ருமேனிய மொழிபெயர்ப்பில், ‘மரண டாங்கோ’ என்ற தலைப்பில். பிறகுதான் ஜெர்மனில். தமிழில் சறுக்கும் இடங்கள் வரிசையாக:

முதல் சறுக்கல் ‘நாம்/நாங்கள்’. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான் இருக்கிறது, தமிழில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘நாம் குடிக்கிறோம்’ என்று போட்டால் வாசகரும் முகாமுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘நாங்கள்’ என்று போடுங்கள். வாசகர் வெளியேதான் நிற்கிறார், அதை மொழியே சொல்லிவிடும். மூல மொழியால் செய்ய முடியாத ஒன்றைத் தமிழ் இங்கே செய்கிறது.

அடுத்தது காலம். மூலம் நிகழ்காலம். வரலாறு என்பதால் ‘குடித்தோம்’ என்று கை தானாகப் போகும். போகவிடாதீர்கள். முடிந்த கதையாகிவிடும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் மூலத்தில் கிடையாது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தை மூடிவிடும் என்பதால் புள்ளி இல்லாமலே நின்றுவிடும். அதைத் தளர்த்த வினையை அடுக்குங்கள்: குடிக்கிறோம் குடிக்கிறோம். மூலத்திலும் அந்த அடுக்கு இருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று உண்டு, கருமையான பாலைப் பற்றியது. முதல் தடவை பாலை ‘அதை’ என்று படர்க்கையில் சொல்கிறது. அடுத்த மூன்று தடவையும் ‘உன்னை’ என்று முன்னிலைக்குத் திரும்பிவிடுகிறது. அவசரத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதினால் கவிதையின் முதுகெலும்பு போய்விடும். ‘ஃபியூக்’ என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குக் கீர்த்தனையில் சங்கதி போடுவதைச் சொல்லிப் புரியவைக்கலாம். ஒரே அடி, ஒவ்வொரு தடவையும் சிறிது மாறி வரும். முழுக்கப் பொருந்தாது (ஃபியூக்கில் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும்), இருந்தாலும் காதுக்கு வழி கிடைக்கும்.

மரணத்தை ஜெர்மனியிலிருந்து வந்த ‘மைஸ்டர்’ என்கிறது கவிதை. ‘எசமான்’ என்று போட்டால் அதிகாரம் மட்டும் வரும். மைஸ்டர் என்றால் தொழில் தெரிந்தவர், பட்டறைத் தலைவர், இசையில் பெரிய வித்துவான், எல்லாம்தான். என் தேர்வு ‘மேஸ்திரி’. போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரே’ வழியாக நமக்கு வந்த சொல், ஜெர்மன் மைஸ்டரும் அதுவும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. கவிதையில் அவன் ஆட்களை நிறுத்திக் குழி தோண்ட வைக்கிறான். மேஸ்திரி என்றதும் தமிழ்க் காதுக்கு வேலைத்தளமே வந்துவிடும். இசை அர்த்தம் போய்விடும் என்பது உண்மை. அதை அவர்களை வாசிக்கச் சொல்லி அதட்டும் வரிகள் ஈடுகட்டுகின்றன.

கடைசியில் வரும் இரண்டு பெண் பெயர்கள்: மார்கரெட் கெதேயின் ‘ஃபௌஸ்ட்’ நாடகத்திலிருந்து வருபவள். மற்றவள் விவிலியத்தின் உன்னதப்பாட்டில் வருபவள். ஆங்கிலத்தைப் பார்த்து ‘ஷூலமித்’ என்று எழுதாமல் தமிழ் விவிலியத்தில் உள்ளபடி ‘சூலமித்தி’ என்றே எழுதுங்கள். தேவாலயத்தில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர் வட்டத்தில் ஒருவராவது இருப்பார், அவருக்குச் சட்டென்று உறைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1950-களில் மேற்கு ஜெர்மன் பள்ளிகளில் இந்தக் கவிதையை ஃபியூக் வடிவத்துக்கு எடுத்துக்காட்டாக நடத்தினார்கள். வடிவத்தை மெச்சிவிட்டுச் செத்தவர்களை விட்டுவிட்டார்கள். செலான் இதனால் நொந்து, பிற்காலத்தில் தொகுப்புகளில் இதைச் சேர்ப்பதற்கே தயங்கினார். நான் மேலே சொன்ன இலக்கண விஷயங்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் நீங்களும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

அதே வாரம் உரைநடைக்கு, ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இத்தாலிய யூதர் ப்ரீமோ லெவியின் ‘இவனும் ஒரு மனிதனா’ (Se questo è un uomo) நூலை வையுங்கள். 1947-ல் பெரிய பதிப்பகம் மறுத்து, சிறிய பதிப்பகம் ஒன்று 2,500 பிரதி போட்ட நூல். வேதியியலாளர், குரலை உயர்த்தவே மாட்டார். முகாமுக்கு வந்து இறங்கிய அத்தியாயத்தில் ஒரு குழாய் வரும். நாலு நாளாகத் தண்ணீர் இல்லாதவர்களைப் பெரிய அறையில் நிறுத்துகிறார்கள். குழாய் சொட்டுகிறது, மேலே குடிக்கக்கூடாது என்ற பலகை. வாயில் வைத்தால் வெதுவெதுப்பு, ஒரு மாதிரி இனிப்பு, சதுப்பு நாற்றம், துப்பிவிடுகிறார். அந்த ஒரு பக்கம் போதும். தமிழாக்கும்போது ‘ஐயோ’, ‘கொடுமை’, ‘நெஞ்சு பதறியது’ போன்ற எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். மூலத்தில் இல்லாத கண்ணீரைச் சேர்ப்பதுதான் தமிழ் மொழிபெயர்ப்புகளில் அதிகம் நடக்கும் தவறு.

அலைவாய்

அறிவிப்பு அச்சடிக்கும் முன் மூன்று சொற்களைக் கவனியுங்கள்.

‘பலி’: செய்தித்தாள் பழக்கத்தில் ‘60 லட்சம் பேர் பலி’ என்று வந்துவிடும். பலி என்றால் யாருக்கோ கொடுத்த காணிக்கை. ‘ஹோலோகாஸ்ட்’ என்ற சொல்லிலும் எரித்துப் படைக்கும் பலி என்ற பொருள் ஒட்டியிருப்பதால்தான் பலர் ‘ஷோவா’ (எபிரேயத்தில் பேரழிவு) என்பதை விரும்புகிறார்கள். ‘கொன்றார்கள்’ என்று எழுதுங்கள், யார் என்பதையும் சேர்த்து.

‘வதைமுகாம்’: ட்ரெப்ளிங்காவுக்குப் பொருந்தாது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே ஒரு இரவுகூடத் தங்கவில்லை. அது அழிப்புமுகாம். லெவி இருந்த மோனோவிட்ஸ் தொழில்முகாம். இந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் புழுதிக்காடு சொன்ன குழப்பம் சொல்லிலேயே ஆரம்பித்துவிடும்.

‘இனப்படுகொலை’யா, ‘இனவழிப்பா’: சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-ல் உண்டாக்கிய ‘ஜெனோசைடு’ என்ற மூலச் சொல் கொலையோடு நிற்பதில்லை. 1948 ஐ.நா. உடன்படிக்கை பிறப்பைத் தடுப்பதையும் பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் ஒப்படைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஈழத்தில் பலர் ‘இனவழிப்பு’ என்று எழுதுவதற்கு இந்த அகலமும் ஒரு காரணம். பண்பாட்டை அழிப்பதையும் சேர்க்க வேண்டும் என்பது லெம்கினின் எண்ணம், உடன்படிக்கையிலிருந்து அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த வெட்டுப்பட்ட பகுதியைப் பேச தமிழிலேயே ஒரு கவிதை இருக்கிறது: 1981-ல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டபோது எம். ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’. சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. கவிதையில் சாய்ந்து கிடப்பது ஒரே உடல், அதுவும் கொன்றவர்கள் வணங்கும் புத்தருடையது. எண்ணிக்கையை ஏற்றாமல் ஒரு உடலில் எல்லாவற்றையும் வைக்கும் முறையைக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை.

வைகறை27

எல்லோருக்கும் நன்றி. ‘மேஸ்திரி’யை எடுத்துக்கொள்கிறோம். முதல் நாளுக்கு நான்கு படங்கள் என்பதும் முடிவாகிவிட்டது. இன்னும் ஒன்று. லான்ஸ்மானின் ‘ஷோவா’ (1985) ஆவணப்படம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். முடிதிருத்துபவர் பேசும் காட்சியை மட்டும் வெட்டிக் காட்டலாமா? முகாம்களைப் பற்றிய அலன் ரெனேயின் ஆவணப்படம் ‘இரவும் மூடுபனியும்’ வேண்டுமா, வேண்டாமா?

புழுதிக்காடு

முடிதிருத்தகக் காட்சியை அதன் தொடக்கத்திலிருந்து காட்டுங்கள், அவர் உடையும் இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது தானாக அமைந்த காட்சி இல்லை. அதில் பேசும் முடிதிருத்துபவர் ஆபிரகாம் பொம்பா அப்போது தொழிலை விட்டுவிட்டார். லான்ஸ்மான் இஸ்ரேலில் ஒரு கடையை ஏற்பாடு செய்து, ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, கத்தரியைக் கையில் கொடுத்தார். ட்ரெப்ளிங்காவில் வாயு அறைக்குள் பெண்களின் முடியை வெட்டியதை அவர் நிதானமாக, தொழில்காரர் விளக்குவது போலச் சொல்லிக்கொண்டே வருகிறார். சக தொழிலாளி ஒருவரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்ததைச் சொல்லும்போது வாய் நின்றுவிடுகிறது, கை மட்டும் நாற்காலியில் இருப்பவர் தலையில் அசைகிறது. வேண்டாம் என்று கேட்டும், சொல்லியாக வேண்டும் என்று லான்ஸ்மான் வற்புறுத்துகிறார். ஆவணப் படச்சுருள் ஒரு அடிகூடச் சேர்க்காத ஒரு படம் அதற்குப் பதில் ஒரு மனிதரிடம் எதைக் கேட்டு வாங்கியது என்பதையும் பேசுங்கள். நான் அந்த வற்புறுத்தலை ஏற்கிறவன்தான், ஆனால் ஏற்காதவர்களின் வாதமும் பலவீனமானதில்லை.

‘இரவும் மூடுபனியும்’ வேண்டும், 32 நிமிடம்தான். நான்காம் வாரத்துக்கு முன் வேண்டாம். புல்டோசர் காட்சி அதில் வரும், அதற்குள் அது பெல்சன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு இடங்களைக் குறித்துக் கொடுங்கள். வர்ணனையில் ‘யூத’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பிரான்சில் இருந்த பித்திவியே முகாமின் படத்தில் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்ததால் தணிக்கையாளர்கள் ஆட்சேபித்து, அதன் மேல் உத்தரம் போல ஒன்றை வரைந்து மறைக்க வைத்தார்கள். இப்போதைய பிரதிகளில் தொப்பி தெரியும். இரண்டு வடிவத்தையும் நிறுத்திக் காட்ட முடிந்தால் நல்லது. (அதன் ஜெர்மன் வர்ணனையை மொழிபெயர்த்தவர் செலான், எனவே எழுத்தாணியின் வாரத்தோடு இதை ஒட்டிவிடலாம்.)

அறை ஏற்பாட்டுக்கு: முழு இருட்டாக்காதீர்கள், ஒரு விளக்கு எரியட்டும். எத்தனை நிமிடம், என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், வெளியே போக விரும்புபவர் மற்றவர் கால்களைத் தாண்டாமல் போகும்படி நாற்காலி போடுங்கள். ‘நீங்கள் அந்த ரயில் பெட்டியில் இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற பயிற்சி எதுவும் வேண்டாம். படம் முடிந்ததும் உடனே இசை போடாதீர்கள். முதல் நாள் கொடுத்த அந்த நான்கு படங்களின் தாள்களை அன்றே எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தேநீர் வரும்போது மேசையில் எதுவும் கிடக்க வேண்டாம்.